வயிறு நிறைந்தால் போதுமா?
(ஃபின்ச் பறவைகளின் உணவும் ஊட்டமும்)

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர்

முன்னுரை

கூண்டில் பறவை வளர்ப்போர் பலர். காலையில் ஒரு கிண்ணம் தானியமும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் அவர்களுள் மிகப் பலர். கிண்ணம் நிறைந்திருக்கிறது, பறவையும் கொத்தித் தின்கிறது, ஆயினும் சில மாதங்களில் அது நலிந்து இறந்துபோகிறது. இதற்குக் காரணம் என்ன? வயிறு நிறைவது வேறு. உடல் ஊட்டம் பெறுவது வேறு. இதுவே காரணம்.

எங்கள் அறிவியல் மன்றத்தின் பொறுப்பில், ஆய்வுக்கூடத் தாழ்வாரத்தில் மூன்று இணை ஜீப்ரா ஃபின்ச் பறவைகள் வாழ்கின்றன. முறை வைத்துக்கொண்டு அவற்றைப் பேணி வரும் நாங்கள், படித்து அறிந்தவற்றையும் பார்த்து அறிந்தவற்றையும் தோழியருக்கு இக்கட்டுரையில் தருகிறோம்.

பறவையும் அதன் பிறப்பிடமும்

ஆண் பறவையின் தொண்டையில் வரிக்குதிரையைப் போன்ற கோடுகள் இருப்பதால் ஜீப்ரா ஃபின்ச் என்று பெயர் வந்தது. உடலின் நீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். எடை சுமார் 12 கிராம். ஆணின் கன்னத்தில் செம்மஞ்சள் திட்டு இருக்கும். அலகு நல்ல சிவப்பாக இருக்கும். பெண்ணின் அலகு செம்மஞ்சள் நிறமானது.

இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகள். மழை பெய்து புல் கதிர் பிடிக்கும் காலமே அங்கு இவை மிகுதியாகக் கூடு கட்டும் காலம். பால் பிடித்த இளம் விதைகளைத் தாயும் தந்தையும் தின்று, இரைப்பையில் ஊறவைத்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. முற்றிய விதை, இளம் விதை, பசுந்தளிர் என்று வேண்டியதைத் தேடித் தின்னும் உரிமை அங்கு உண்டு. கூண்டில் அந்த உரிமை இல்லை. தனக்கு எது குறைகிறது என்று பறவை வாய் திறந்து சொல்வதுமில்லை. ஆகவே, அந்தப் புல்வெளி கொடுத்ததையெல்லாம் கொடுக்க வேண்டிய பொறுப்பு வளர்ப்பவரைச் சேர்ந்தது.

நம் வயல்வெளிகளில் திரியும் சில்லைக் குருவிகள் ஜீப்ரா ஃபின்ச்சின் உறவினங்களே. அவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் அடைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தடை செய்கின்றன. இதைத் தோழியர் நினைவில் கொள்ள வேண்டும்.

அடிப்படை உணவு தானியமே

தினை, பனிவரகு, சாமை, குதிரைவாலி போன்ற சிறுதானியங்களே ஃபின்ச் பறவையின் அன்றாட உணவு. ஒன்றை மட்டும் தராமல் இரண்டு மூன்றைக் கலந்து தருவது நன்று. எண்ணெய்ப் பசையுள்ள பேயெள்ளை ஒரு சிட்டிகை அளவே சேர்க்கலாம். மிகுந்தால் பறவை கொழுத்துவிடும். ஒரு பறவை நாளொன்றுக்குத் தின்பது ஏறக்குறைய ஒரு சிறு தேக்கரண்டி அளவு தானியமே. ஆனால், அது அதன் உடல் எடையில் கால் பங்குக்கும் மேல்! இவ்வளவு சிறிய உடலில் வெப்பம் விரைவில் செலவாகிவிடுவதால், ஒரு முழு நாள் உணவின்றி இருந்தாலே இதன் உயிருக்கு ஆபத்து.

கடையில் தானியம் வாங்கும்போது உமியுடன் கூடிய தினையைக் கேட்டு வாங்க வேண்டும். பொங்கலுக்கு வாங்கும் தினையரிசி உமி நீக்கியது. அது முளைக்காது, விரைவில் சிக்குவாடை பிடிக்கும். தானியம் உயிருள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்தால், நல்ல தானியத்தில் பெரும்பாலானவை மூன்று நான்கு நாட்களுக்குள் முளைவிடும். பாதிகூட முளைக்காவிட்டால் அது பழந்தானியம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஃபின்ச் பறவை உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மாலையில் எங்கள் கூண்டுக் கிண்ணத்தைப் பார்த்தால் முக்கால் பாகம் நிறைந்தே இருக்கும். வாயால் ஊதினால் உமியெல்லாம் பறந்து, அடியில் சில மணிகளே மிஞ்சும். உமியை உணவென்று நம்பி ஊருக்குப் போனவர் வீட்டில் பறவை பட்டினி கிடக்க நேரும். எனவே நாள்தோறும் உமியை ஊதியெடுத்த பின்னரே கிண்ணத்தின் அளவைப் பார்க்க வேண்டும்.

கோழிகள் கற்பித்த பாடம்

நல்ல தானியத்தை வயிறு நிறையத் தின்றாலும் நோய் வருமா? வரும் என்பதை உலகிற்குக் காட்டியவையே கூண்டுப் பறவைகள்தாம்.

டச்சுக்காரர் ஆட்சியில் ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில் (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்டியான் எய்க்மான் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். 1890ஆம் ஆண்டை ஒட்டி, அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து நடக்க முடியாமல் விழுந்தன. பின்னர் அவை தாமாகவே குணமடைந்தன. விசாரித்தபோது, கோழிகள் நோயுற்ற காலத்தில் மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தவிடு நீக்கிய வெள்ளையரிசிச் சோறு அவற்றிற்குப் போடப்பட்டது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். பழைய தீவனத்திற்குத் திரும்பிய கோழிகள் எழுந்து நடந்தன!

அரிசியில் ஏதோ நஞ்சு உள்ளது, தவிடு அதை முறிக்கிறது என்று எய்க்மான் எண்ணினார். நஞ்சு எதுவும் இல்லை, உடலுக்கு வேண்டிய ஒரு பொருள் இல்லாமையே நோய் என்று 1901இல் விளக்கியவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ். 1912இல் காசிமிர் ஃபங்க் அத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயரிட்டார். 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மனிதரைக் காக்கும் அறிவைப் பறவைகளிடமிருந்து பெற்ற நாம், அதே அறிவால் அவற்றைக் காக்க வேண்டாமா?

தானியத்தில் இல்லாதவை

தானியத்தில் மாவுச்சத்து நிறைய உண்டு. ஆனால் வைட்டமின் ஏ, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவை மிகக் குறைவு. புரதம் ஓரளவு இருந்தாலும், லைசின் போன்ற அமினோ அமிலங்கள் போதிய அளவு இல்லை. இக்குறைகளை நிறைவு செய்வனவற்றையே துணையுணவு என்கிறோம்.

(1) கால்சியம்: பெண் பறவை நாளுக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இடும். ஒரு முட்டையின் எடை ஏறத்தாழ 1 கிராம். 12 கிராம் எடையுள்ள தாய், ஐந்தே நாட்களில் 5 கிராம் முட்டையை ஈன்று தருகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்! ஓடுகளுக்கு வேண்டிய கால்சியம் உணவில் இல்லையென்றால், தன் எலும்பிலிருந்தே தாய் அதை எடுத்துக் கொடுக்கும். அதுவும் போதாதபோது முட்டை வெளிவராமல் உள்ளேயே தங்கிவிடும். எங்களுள் ஒருத்தியின் தெருவில், அறைக்குள்ளேயே வைத்துத் தினை மட்டும் கொடுத்து வளர்க்கப்பட்ட பறவை ஒன்று இவ்வாறே இறந்தது. காலையில் சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் முக்கியபடி அமர்ந்திருந்ததாம். மாலைக்குள் உயிர் போய்விட்டது. இவ்வடையாளம் தெரிந்தால் பறவையைக் கதகதப்பாக வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இதைத் தடுக்கும் பொருள் விலையுயர்ந்ததன்று. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை நுரையன்று, கணவாயின் உள்ளோடு. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதில் ஒரு துண்டைக் கூண்டில் கட்டிவிட்டால் பறவை வேண்டும்போது கொத்திக்கொள்ளும். நன்கு வேகவைத்துக் காயவைத்துப் பொடித்த கோழிமுட்டை ஓடும் இதே பயனைத் தரும்.

(2) சூரிய ஒளி: கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி தேவை. இதைப் பறவையின் உடலே சூரியனின் புற ஊதாக் கதிரால் ஆக்கிக்கொள்ளும். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுவதால், கண்ணாடிக்குப் பின்னால் வரும் வெயில் இதற்கு உதவாது. காலை இளவெயிலில் கூண்டைச் சற்று நேரம் வெளியே வைக்கலாம். கூண்டின் ஒரு பகுதியில் நிழல் இருக்க வேண்டும். பூனையும் காகமும் அணுகாமல் ஒருவர் அருகிலிருக்க வேண்டும்.

(3) கீரையும் காயும்: முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை, துருவிய காரட் ஆகியவற்றில் உள்ள கரோட்டீனைப் பறவையின் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. இச்சத்துக் குறைந்தால் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் உட்தோல் கெட்டு நோய் எளிதில் தொற்றும். ஆணின் சிவந்த அலகும் கரோட்டீன் இன நிறப்பொருள்களால் அமைந்ததே. மஞ்சள் நிறப்பொருளை உணவிலிருந்து பெற்று, உடலுக்குள் சிவப்பாக மாற்றுகிறது பறவை. அந்த மாற்றத்திற்குரிய மரபணுவை அறிவியலார் 2016இல் கண்டறிந்தனர். பசலைக்கீரையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது கால்சியத்தைப் பிணைத்துவிடுவதால் அதை நாள்தோறும் தரலாகாது. எந்தக் கீரையையும் பூச்சிமருந்து நீங்கக் கழுவியே தர வேண்டும்.

(4) முளைவிட்ட தினை: இரவில் ஊறவைத்துக் காலையில் அலசி, ஈரத்துணியில் வைத்து, முளை எட்டிப்பார்க்கும்போது தர வேண்டும். ஆஸ்திரேலியப் புல்வெளியின் இளம் விதைக்கு இதுவே ஏற்ற ஈடு. புளித்த வாடையடித்தால் எறிந்துவிட வேண்டும்.

(5) முட்டை உணவு: நன்கு அவித்த கோழிமுட்டையை மசித்து ஒரு தேக்கரண்டி வைத்தால், தானியத்தில் குறைந்த லைசின் முதலியன கிடைக்கும். குஞ்சுகள் இருக்கும்போது இதை நாள்தோறும் தரலாம். மற்றக் காலத்தில் வாரத்திற்கு ஒருமுறை போதும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இதைக் கூண்டில் விடக்கூடாது.

மருந்துக் கடைச் சத்துகள்

வைட்டமின் பொடிகளும் சொட்டு மருந்துகளும் கடைகளில் விற்கின்றன. பொடியை உலர்ந்த தானியத்தின் மேல் தூவுவது வீண். பறவை உமியை உரிக்கும்போது பொடியும் உமியோடு போய்விடும். ஈரமான முட்டை உணவில் கலந்தால்தான் வயிற்றுக்குள் செல்லும். தண்ணீரில் கலந்தால் நீர் விரைவில் கெடும். பறவை எவ்வளவு குடித்தது என்பதும் தெரியாது.

மனிதருக்குரிய சொட்டு மருந்தைத் தருவது பெருந்தவறு. 50 கிலோ எடையுள்ள ஒருவரோடு ஒப்பிட்டால், பறவை நாலாயிரத்தில் ஒரு பங்கு எடைகூட இல்லை. நமக்கு ஒரு சொட்டு என்பது அதற்கு ஒரு குடம் போன்றது! வைட்டமின் ஏ, டி ஆகியவை மிகுந்தால் உடலில் தங்கி நஞ்சாகும். கீரையும் முட்டையும் வெயிலும் முறையாகப் பெறும் பறவைக்கு இப்பொருள்கள் பெரும்பாலும் தேவைப்படா. தேவையா என்பதைக் கால்நடை மருத்துவரே கூற வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

உப்பிட்ட பண்டம், சாக்லேட், காப்பி, வெண்ணெய்ப்பழம் ஆகியவை பறவைக்கு ஆகா. பூசணம் பிடித்த தானியம் எல்லாவற்றிலும் கொடியது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணமே காரணம் என்று கண்டறிந்தனர். அதன் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். மழைக்காலத்தில் தானியத்தை வெயிலில் உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும்.

எங்கள் கூண்டின் அட்டவணை

நாள்தோறும்: உமி ஊதிய கிண்ணத்தில் கலப்புத் தானியம், கழுவிய கிண்ணத்தில் புதுத் தண்ணீர், ஒரு கொத்து முருங்கைக்கீரை.
வாரம் இருமுறை: முளைவிட்ட தினை.
வாரம் ஒருமுறை: முட்டை உணவு, அன்றே பறவையின் நெஞ்செலும்பை விரலால் தடவிப் பார்த்தல். எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் பறவை மெலிகிறது என்று பொருள். இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு அது தெரியாது.
எப்போதும்: கடல்நுரைத் துண்டு.
விடுமுறை நாட்களில்: பள்ளிக்கு அருகில் வசிக்கும் மாணவியர் இருவர், முறைப்படி.

முடிவுரை

பறவை வளர்ப்பதற்குப் பணத்தைவிடக் கவனமே மிகுதியாக வேண்டும். ஒரு கொத்துக் கீரையும் ஒரு துண்டு கடல்நுரையும் காலை வெயிலும் எவர்க்கும் எட்டாதவை அல்ல. அவற்றைக் கொடுக்க நேரமில்லாதவர் கூண்டு வாங்காதிருப்பதே நலம். எய்க்மானின் கோழிகளை வீழ்த்திய அதே குறை, வெள்ளைச் சோற்றை மட்டும் நிரப்பி வரும் நம் மதிய உணவுப் பாத்திரத்திலும் இருக்கக்கூடும். பறவைக்குக் கீரை கிள்ளும் தோழியரே, உங்கள் வீட்டுச் சட்டிக்கும் ஒரு பிடி சேர்த்துக் கிள்ளுங்கள்!