விலை சொல்லிக்கொடுக்கப் போகும் மகளுக்கு

மகளே, குலசேகரம் பக்கம் சிறு ரப்பர் விவசாயிகளுக்கு உலகச் சந்தையைப் புரியவைக்கப் போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்தது. கொச்சியின் தேவராவில் இருந்துகொண்டு ரப்பர் விலையோடே காலம் கழித்தவன் சொல்கிறேன், கேள்.

1. முதல் நாளே பாடம் எடுக்காதே. விடியுமுன் பால் வெட்டுகிறவரோடு தோட்டத்தில் நட. ஷீட்டாக விற்கிறாரா, ஒட்டுப்பாலாகவா, கடையில் ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்.

2. கணக்கை நீ போடாதே, பென்சிலை அவர் கையில் கொடு. பாங்காக்கில் கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொள். உலர் ரப்பருக்கு இறக்குமதி வரி 25 சதவீதம் அல்லது 30 ரூபாய், எது குறைவோ அது. 25 சதவீதம் என்றால் 45. ஆக வரி 30தான். மொத்தம் 210, அதன்மேல் கப்பல் கூலி. டயர் கம்பெனி இந்தத் தொகையை மனசில் வைத்துத்தான் உள்ளூரில் விலை பேசும். பாங்காக்கில் சொல்வது ஆர்.எஸ்.எஸ். 3 என்ற தர ஷீட்டின் விலை, கோட்டயத்திலும் கொச்சியிலும் ரப்பர் வாரியம் சொல்வது ஆர்.எஸ்.எஸ். 4 தரத்தின் விலை என்பதையும் மறைக்காதே. ‘தாய்லாந்தில் மழை பெய்தால் எனக்கென்ன?’ என்று கேட்ட பெரியவர் ஒருவர், இதைத் தானே போட்டுப் பார்த்த பிறகு டாலர் விலையையும் விசாரிக்கத் தொடங்கினார்.

3. ஜோசியம் மட்டும் சொல்லாதே. 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது, இனி இறங்காது என்று அடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். அதை நம்பி மரவள்ளியை அழித்து ரப்பர் நட்டவர்களை எனக்குத் தெரியும். கன்று வெட்டுக்கு வர ஏழு வருஷம். 2018இல் கத்தி வைத்தபோது விலை 150ஐக்கூட எட்டவில்லை. அதே நல்ல விலையைப் பார்த்து வியட்நாமிலும் தாய்லாந்திலும் நட்டிருந்தார்கள். 2014இல் கச்சா எண்ணெய் சரிந்ததும் செயற்கை ரப்பரும் மலிந்தது. 2016 தொடக்கத்தில் விலை நூறுக்குக் கீழே போயிருந்தது. 2024 ஆகஸ்டில் பழைய உச்சத்தையும் தாண்டியது. நாளைய விலையைக் கேட்டால் ‘தெரியாது’ என்று நிமிர்ந்து சொல். ஏறவும் இறங்கவும் என்னென்ன காரணம் என்பதை மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொடு.

4. வீட்டுக்காரம்மாவையும் கூட்டத்துக்கு அழை. பல வீடுகளில் வரவு செலவு அவர் கையில்தான்.

5. விலை விழுந்த நாளில் கட்டாயம் போ. பாங்காக் விலையை விவசாயியால் அசைக்க முடியாது. பாலை அரித்து, ஷீட்டை நன்றாகப் புகைபோட்டு, நாலுபேர் சேர்ந்து விற்க முடியும். அன்றைக்கு அந்தப் பேச்சுதான் வேண்டும். அப்போது ஒருவர் கேட்பார்: ‘கேரளாவில் 2015இலிருந்து ஆதார விலை வைத்துக் குறைவதை அரசே கொடுக்கிறதே, எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் எங்களுக்கு ஏன் இல்லை?’ நியாயமான கேள்வி, மகளே. மழுப்பாதே. அது கேரள அரசு தன் விவசாயிக்குத் தருவது என்று விளக்கு. அவர் கேட்பதை மனுவாக எழுதத் துணையாக உட்கார்.