செமிலிங் சேற்றுக்கரையில் பங்குனிப் பறவைகள்

கெடா மாநிலத்தின் ஜெராய் மலையடிவாரத்திற்கும் மெர்போக் ஆற்றின் கழிமுகத்திற்கும் இடையே கிடக்கும் செமிலிங் வட்டாரத்தில், குளிர்நாடுகள் கொண்டாடும் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை; எஞ்சியுள்ள ரப்பர்த் தோட்டங்கள் ஆண்டின் முதல் மாதங்களில் இலையுதிர்த்துத் துளிர்ப்பதும், சேற்றுக்கரைப் பறவைகளின் இறகு நிறம் மாறுவதுமே அதற்கு ஈடான அடையாளங்கள். செப்டம்பர் முதல் வந்திறங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும் வலசைப் பறவைகள், அதாவது இனப்பெருக்கத்திற்கு ஓரிடமும் இரைக்கு வேறோரிடமுமாக ஆண்டுதோறும் பயணிப்பவை, மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே திரும்புகின்றன. ஆறு மாதம் மங்கலாகத் திரிந்த மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்மை படர்வதையும், சைபீரியாவின் மரமற்ற சமவெளிகளுக்குச் செல்லவிருக்கும் பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு கருமையாவதையும் காண இதைவிட நல்ல காலம் வேறில்லை.

பறவை பார்க்கச் செல்லும் நாளைக் கடிகாரத்தை நம்பித் திட்டமிடுவது, புதியவர்கள் பெரும்பாலோர் செய்யும் பிழை. இக்கரையில் கடல்நீர் ஒரு நாளில் ஏறத்தாழ இருமுறை ஏறி இறங்குகிறது. அந்நேரமும் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நீர் முழுவதும் வடிந்திருக்கும்போது பறவைகள் நெடுந்தொலைவிலுள்ள சேற்றில் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். ஓதம், அதாவது கடலேற்றம், ஏறத் தொடங்கியதும் இரைதேடும் இடம் சுருங்க, அவை படிப்படியாகக் கரையை நோக்கி நகரும். ஆகவே காலையில் நீர் ஏறும் நாளைத் தேர்ந்து, ஏற்றம் உச்சத்தை அடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சென்று அமர்ந்துவிடுவது நல்லது. மேற்கு நோக்கிய கரையாதலால் காலையில் கதிரவன் முதுகுப்புறம் இருந்து, பவளக்காலியின் கால் சிவப்பைக்கூடத் தெளிவாகக் காட்டும். மாலையில் அதே பறவை வெறும் நிழலுருவமாகிவிடும்.

ஓரிடத்தில் அசையாது அமர்பவருக்கே பறவை நெருங்கும். இது வெறும் பார்வை வசதியைப் பற்றிய செய்தி அன்று. வடக்கே பறக்க வேண்டிய ஆற்றலை இப்பறவைகள் உடற்கொழுப்பாகச் சேமித்துக்கொண்டிருக்கும் நாள்கள் இவை. ஒரு படத்திற்காகக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கச் செய்வது, அவற்றின் வழிச்சோற்றைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்பதால், சேற்றில் இறங்குவதையும் படகை நெருக்கமாக ஓட்டுவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

நீர் உச்சத்தை எட்டிய பின் கண்டல் காடு, அதாவது உவர்நீரில் வளரும் தாங்குவேர் மரங்களின் காடு, கவனத்திற்கு உரியதாகிறது. ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் வெண்கழுத்து மீன்கொத்தியையும், விருந்தாளியாக வந்து விரைவில் விடைபெறவிருக்கும் கருந்தலை மீன்கொத்தியையும் ஒரே ஓடையோரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்வதால், நண்பகலுக்குள் குறிப்பேட்டை முடித்துவிடுதல் நலம். இனம், எண்ணிக்கை ஆகியவற்றோடு எத்தனை பறவைகள் நிறம் மாறியிருந்தன என்பதையும் எழுதிவைத்தால், அடுத்த பங்குனியில் ஒப்பிட்டுப் பார்க்க அது கைகொடுக்கும்.