ரைட் போட்டதும் கர்னல் என்ன செய்கிறது? எக்ஸ்வி6 சோர்ஸ் கோடுக்குள் ஒரு நடை

ஓ.எஸ். பேப்பரில் ஐநோட் படம் ஒன்றை வரைந்து, இன்டைரக்ட் பிளாக்குக்கு ஒரு அம்புக்குறி போட்டால் 13 மார்க் கேள்வி முடிந்தது. ஆனால் அந்த அம்புக்குறி நிஜக் கர்னலில் எங்கே இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அது என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. வைவாவில் கேட்டால்தான் முழிக்கிறோம்.

லினக்ஸ் சோர்ஸைத் திறந்து தேடலாம்தான். ஆனால் அது கோடிக்கணக்கான வரிகள். அதைவிட எக்ஸ்வி6 நல்லது. 1975-ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை மாதிரியாக வைத்து, எம்.ஐ.டி.யில் 2006-ல் பாடத்துக்காகவே எழுதிய கர்னல் இது. மொத்தமே பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடும். நம்ம அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோ நடத்திய என்.பி.டி.இ.எல். ஓ.எஸ். பாடத்திலும் இதுதான் உதாரணம், வீடியோக்கள் இலவசம். கீழே வரும் எண்கள் எல்லாம் எக்ஸ்86 பதிப்பில் உள்ளவை.

முதலில் ஓப்பன். அது திருப்பித் தரும் ஃபைல் டிஸ்க்ரிப்டர் வெறும் ஒரு எண். கபாலீஸ்வரர் கோயில் வாசலில் செருப்பு விட்டால் தரும் டோக்கன் மாதிரி. 3-ஆம் நம்பர் டோக்கனுக்கு அந்த ஸ்டாண்டில்தான் அர்த்தம். அடுத்த ஸ்டாண்டின் 3 வேறொருவர் செருப்பு. அதேபோல ஒவ்வொரு பிராசஸுக்கும் 16 இடம் கொண்ட தனி வரிசை உண்டு. காலியாக இருக்கும் மிகச் சிறிய எண்ணைக் கர்னல் எடுத்துக் கொடுக்கும். 0, 1, 2 ஏற்கெனவே கன்சோலுக்குப் போய்விட்டதால் உங்கள் முதல் ஃபைலுக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும்.

அந்த எண் காட்டுவது கர்னலுக்குள் இருக்கும் ‘ஸ்ட்ரக்ட் ஃபைல்’ என்ற அமைப்பை. படிக்கலாமா, எழுதலாமா, எந்த ஐநோட், இப்போது எத்தனையாவது பைட்டில் நிற்கிறோம் என்ற ஆஃப்செட், எல்லாம் இதில்தான் இருக்கிறது. இந்த ஆஃப்செட் ஐநோடில் இல்லை என்பதைக் கவனியுங்க. ஒரே ஃபைலை இரண்டு முறை ஓப்பன் செய்தால் இரண்டு ஆஃப்செட். ஆனால் ஃபோர்க் செய்தால் அப்பாவும் பிள்ளையும் ஒரே ஸ்ட்ரக்டைப் பகிர்வதால் ஆஃப்செட் ஒன்றுதான். ஒருவர் எழுதினால் மற்றவர் அதற்குப் பின்னால் தொடர்வார். இன்டர்வியூவில் பிடித்தமான கேள்வி இது.

அடுத்து ஐநோட். டிஸ்கில் இதன் அளவு 64 பைட். அதில் 12 நேரடி பிளாக் முகவரிகள், ஒரு இன்டைரக்ட் முகவரி. ஒரு பிளாக் 512 பைட், ஒரு முகவரி 4 பைட். ஆக இன்டைரக்ட் பிளாக்கில் 128 முகவரிகள். 12 + 128 = 140 பிளாக். அதாவது எக்ஸ்வி6-ல் ஒரு ஃபைல் 70 கேபியைத் தாண்டாது! ஒரு செல்ஃபியைக்கூட வைக்க முடியாது.

இனிதான் விஷயமே. ஃபைலில் புதிதாக ஒரு பிளாக் சேர்க்க, டிஸ்கில் குறைந்தது மூன்று இடம் மாற வேண்டும்: பிட்மேப், டேட்டா பிளாக், ஐநோட். டிஸ்க் ஒரே நேரத்தில் மூன்றையும் எழுதாது. ஐநோட் எழுதியாச்சு, பிட்மேப் எழுதும் முன் கரண்ட் போச்சு என்று வையுங்க. பிட்மேப் பார்வையில் அந்த பிளாக் இன்னும் காலி. ரீபூட்டுக்குப் பின் அதையே வேறொரு ஃபைலுக்கும் கொடுத்துவிடும். இரண்டு ஃபைல், ஒரே பிளாக். ஒன்றில் எழுதினால் மற்றது நாசம்.

இதற்கு எக்ஸ்வி6 வைத்திருக்கும் வழி லாக். மாற்ற வேண்டிய பிளாக்குகளைச் சொந்த இடத்தில் உடனே எழுதாமல், முதலில் டிஸ்கில் லாகுக்கென்று ஒதுக்கிய பகுதியில் எழுதும். எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, “இத்தனை பிளாக், இந்த இந்த இடத்துக்கு உரியவை” என்று லாக் ஹெட்டரை எழுதும். அந்த ஒற்றை செக்டர் எழுதப்படும் கணம்தான் கமிட். அதன் பிறகே பிளாக்குகளைச் சொந்த இடத்துக்கு நகலெடுத்து, ஹெட்டரில் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும். ஹெட்டருக்கு முன் கரண்ட் போனால் எதுவுமே நடக்காத மாதிரி. பின்னால் போனால், பூட் ஆகும்போது ஹெட்டரைப் பார்த்து மறுபடி நகலெடுக்கும். இரண்டு முறை எடுத்தாலும் விளைவு ஒன்றுதான். ஒவ்வொரு பிளாக்கும் இருமுறை எழுதப்படுகிறது, அதுதான் விலை. லினக்ஸின் எக்ஸ்ட்4 இதனால்தான் சாதாரணமாக மெட்டாடேட்டாவை மட்டும் ஜர்னலில் எழுதுகிறது.

சரி, அப்போ நம்ம டேட்டா பத்திரமா? இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘ஃபைல்ரைட்’ ஃபங்ஷனைத் திறந்து பாருங்க. லாகில் இடம் கொஞ்சம்தான் என்பதால், பெரிய ரைட்டை 1536 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி பரிவர்த்தனையாக அனுப்புகிறது. நீங்கள் 10,000 பைட் கொடுத்தால் ஏழு துண்டு. வேறு யாரும் எழுதாத நேரத்தில், நாலாவது துண்டு கமிட் ஆனதும் கரண்ட் போனால் ஃபைலில் இருப்பது 6144 பைட். ஃபைல் சிஸ்டம் சுத்தமாக இருக்கும். உங்கள் ஃபைல் பாதியில் நிற்கும். லாக் காப்பாற்றுவது கர்னலின் கணக்கை, உங்கள் அசைன்மென்டை அல்ல.

லினக்ஸில் இன்னும் ஒரு படி. அங்கே ரைட் திரும்பிவிட்டது என்றால் டேட்டா மெமரியிலுள்ள பேஜ் கேச்சுக்குப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். டிஸ்குக்குப் போக வழக்கமான அமைப்பில் 30 வினாடி வரைகூட ஆகலாம். ஆகவே எஃப்சிங்க் அழைக்க வேண்டியது நம் பொறுப்பு. பெரிய கைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் உள்ளிட்டோர் (பெயர்களைப் படிக்கும்போதே ஒரு சந்தோஷம்!) ஆலிஸ் என்ற கருவியை உருவாக்கி, கிட், லெவல்டிபி, போஸ்ட்கிரெஸ் உள்ளிட்ட 11 மென்பொருள்களைச் சோதித்தார்கள். 2014 ஓ.எஸ்.டி.ஐ. மாநாட்டில் வந்த அந்தக் கட்டுரை, கிராஷ் ஆனால் சிக்கல் தரக்கூடிய 60 இடங்களைக் காட்டியது.

பழைய ஃபைலைப் பத்திரமாக மாற்ற இன்று பழக்கத்தில் உள்ள முறை இது: புதுசைத் தற்காலிகப் பெயரில் எழுதுங்க, அதற்கு எஃப்சிங்க் போடுங்க, பிறகு ரீநேம், கடைசியில் டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். வரிசையை மாற்றாதீங்க. ரீநேம் முந்திக்கொண்டால் பழசும் போய், புதுசும் காலியாக நிற்கலாம்.

வார இறுதிக்கு ஒரு வேலை. எக்ஸ்வி6-ல் டபுள் இன்டைரக்ட் சேர்த்துப் பாருங்க. ஐநோட் 64 பைட்டைத் தாண்டக்கூடாது என்பதால் நேரடி முகவரிகளை 11 ஆக்கணும்; 11 + 128 + 128×128 = 16,523 பிளாக் வரும். மாற்றம் ‘பிமேப்’ ஃபங்ஷனில். டிஸ்கின் மொத்த அளவே 1000 பிளாக்தான் என்பதால் அதையும் 20,000 ஆக்கிவிடுங்க, இல்லாட்டி உங்க கோடு சரியாக இருந்தும் டெஸ்ட் நடுவிலேயே நின்றுவிடும். ‘ஐட்ரங்க்’ ஃபங்ஷனையும் மறக்காம திருத்துங்க. ஃபைலை அழித்த பிறகும் அந்த 16,384 பிளாக்குகள் யாருக்கும் கிடைக்காமல் கிடந்தால், தவறு அங்கேதான்.