விடுப்பைத் தானம் செய்ய முடியுமா?

கேள்வி: என்னுடன் மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்குப் புற்றுநோய். என் ஈட்டிய விடுப்பில் கொஞ்சம் அவருக்குத் தர முடியுமா?
- வாசகி, ஜோகுபாளையம், பெங்களூரு

பதில்: உங்கள் மனசு பெரிது, அம்மா. ஆனால் கர்நாடக அரசுப் பணி விதிகளில் அதற்கு இடமில்லை. அமெரிக்க மத்திய அரசு 1988-லேயே சட்டம் போட்டு இதை அனுமதித்தது. பிரான்சில், கடும் நோயுற்ற குழந்தையின் பெற்றோருக்குச் சக ஊழியர்கள் விடுப்பு தர 2014-ல் சட்டம் வந்தது. இங்கே 300 நாள் வரை சேரும் ஈட்டிய விடுப்பு, ஓய்வின்போது பணமாகிறது. அதில் பத்து நாளை நோயாளிக்கு விடுவது நியாயம்தானே?

இப்போதைக்கு அக்காவின் அரைச் சம்பள விடுப்புக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 20 நாள் சேரும். மருத்துவச் சான்றுடன் இரண்டு நாளை ஒரு முழுச் சம்பள நாளாக மாற்றலாம். விடுப்புத் தானக் கோரிக்கையை ஊழியர் சங்கத்திடம் எழுத்தில் கொடுங்கள்.