தயார் செய்பவரா? களத்தில் நிற்பவரா?

நம்ம முருகனை தேவசேனாபதின்னு கூப்பிடுறோம். சேனாபதின்னா படையைத் தயார் செய்பவரா, போர்க்களத்தில் நடத்துபவரா? ரெண்டும் ஒரே வேலை மாதிரி தெரியும். ஆனா அப்படி இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) வடக்குத் தரப்பின் இரண்டு தளபதிகளைப் பாருங்க.

1. ஜார்ஜ் மெக்லெல்லன்
வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1846-ல் இரண்டாமிடம் பெற்றவர். 1861 ஜூலையில் புல் ரன்னில் தோற்றுச் சிதறிய படையைக் கையில் எடுத்து, சில மாதங்களில் பயிற்சியும் ஒழுங்கும் கொடுத்து நிமிர்த்தினார். வீரர்களுக்கு அவர்மேல் உயிர். ஆனா சண்டைன்னு வந்ததும் தயங்கினார். எதிரியின் எண்ணிக்கையை உள்ளதைவிட மிக அதிகமாகவே கணக்குப் போட்டார். 1862 செப்டம்பரில் எதிரித் தளபதி லீயின் திட்டமே கையில் கிடைத்தும் வேகம் காட்டலை. ஆன்டீட்டம் போருக்குப் பிறகு லீயை விரட்டிப் போகவும் இல்லை. நவம்பரில் லிங்கன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

2. யுலிசஸ் கிரான்ட்
அதே கல்லூரியில் 1843-ல் 39 பேரில் 21-வது இடம். 1854-ல் ராணுவத்தை விட்டு விலகி, கடைசியில் அப்பாவின் தோல் கடையில் வேலை பார்த்தார். போர் வந்தபோது ஆளே வேற. 1862 ஏப்ரல் 6, ஷைலோவில் திடீர்த் தாக்குதலில் அவர் படை ஆற்றங்கரை வரை தள்ளப்பட்டது. மறுநாளே திருப்பி அடித்தார். 1864 மே மாதம் வில்டர்னஸ் காட்டில் பெரும் இழப்பு. அப்பவும் பின்வாங்காமல் தெற்கே நடக்கச் சொன்னார். 1865 ஏப்ரல் 9-ல் லீ அவரிடம் சரணடைந்தார்.

வித்தியாசம் எங்கே?
அமைதிக் காலத்தில் தவறைத் திருத்த நேரம் உண்டு. முழுத் தகவல் வரும்வரை காத்திருக்கலாம். களத்தில் பாதித் தகவல்தான் இருக்கும். காத்திருப்பதற்கும் உயிர்தான் விலை.

அதுக்காக மெக்லெல்லன் வீண்னு நினைக்காதீங்க. 1864-ல் கிரான்ட் தன்னோடு வைத்து நடத்திய பொட்டோமாக் படை, மெக்லெல்லன் உருவாக்கியதுதான்! அதே கிரான்ட் 1869 முதல் 1877 வரை ஜனாதிபதியாக இருந்தபோது, அவர் நம்பிய ஆட்களே ஊழலில் சிக்கினார்கள்.

எங்க சாஃப்ட்வேர் வேலையிலும் இதே கதைதான். நடுராத்திரி சர்வர் விழுந்தா ஓடி வந்து எழுப்புறவருக்குத்தான் கைத்தட்டல். விழாமல் இருக்க மாசக்கணக்கில் டெஸ்ட் எழுதினவர் பெயர் யாருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் வேணும். ஒருத்தரை எடைபோடும் முன்னாடி, இது தயாராகும் நேரமா, களத்தில் நிற்கும் நேரமான்னு கேளுங்க. உங்களை நீங்களே எடைபோடும்போதும்தான்.

வேலும் மயிலும் துணை!