நடுவழியில் வீடு வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல், மனைவிக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு. இரண்டுக்கும் நடுவே வாடகைக்கு வீடு பிடித்தால் இருவருக்கும் வசதிதானே என்று கேட்டிருந்தீர்கள். இதே கணக்கைப் போடுகிற குடும்பங்கள் பல உண்டு என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடுவழி வேண்டாம். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் சிப்காட் தொழிற்பேட்டை வரும். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் மக்கள் ரசாயன நெடியோடு பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். 2004 முதல் அவர்களே காற்று மாதிரி பிடித்து, நாள் நேரத்தோடு குறித்துவைத்துப் புகார் கொடுத்தவர்கள். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கைக்குழந்தையோடு குடிபோகிற உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தி மூச்சை இழுத்துப் பாருங்கள். சிப்காட்டையும் தாண்டினால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அலைச்சல்தான்.

கடலூரிலேயே பார்ப்பதானால் வாடகையைவிடத் தண்ணீரைப் பாருங்கள். வடக்கே தென்பெண்ணை, ஊருக்குள் கெடிலம், தெற்கே பரவனாறு, உப்பனாறு, கிழக்கே கடல். எங்கோ மேற்கே பெய்கிற மழை இங்கே வந்து நிற்கும். ஃபெஞ்சல் புயலை ஒட்டி 2024 டிசம்பர் 2 விடியலில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். குண்டு உப்பலவாடி, தாழங்குடா, நாணமேடு பக்கம் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. வீட்டுக்காரரைக் கேட்டால், “நம்ம தெருவுக்குத் தண்ணி வந்ததே இல்ல சார்” என்பார். அவரை விட்டுவிட்டுத் தெருமுனை மளிகைக் கடையில், “சாத்தனூர் தண்ணி வந்தப்ப அரிசி மூட்டையை எங்கே ஏத்துனீங்க?” என்று கேளுங்கள். உண்மை வந்துவிடும்.

வீட்டுக்குள் போனதும் டைல்ஸைப் பார்க்காதீர்கள். கரண்ட் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, கீழே பழைய பெட்டி இருந்த தடம் உண்டா, சுவரின் அடிப்பாகத்துக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாசலில் நின்று ரோட்டைப் பாருங்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு நம் ஊர்களில் ரோடு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்தில் விழுந்துவிட்டது. படி ஏறிப் போன வீட்டில் இன்று படி இறங்கிப் போகிறோம். அந்த மாதிரி வீட்டுக்கு ஆறு உடைய வேண்டாம், ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை போதும். செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிவறை வழியாகத் தண்ணீர் மேலே வரும். குழந்தை உள்ள வீட்டில் அதைவிடக் கொடுமை இல்லை.

அதனால் மாடி போர்ஷன் நல்லது. ஆனால் மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டிருந்தால் வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கூரைகள் என்ன பாடுபட்டன என்று எந்தக் கடலூர்க்காரரும் சொல்வார். போர் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். கடலோரத் தெருக்களில் உப்பு கரிக்கும்.

சிதம்பரத்திலும் மழைநீர் தேங்கும் தெருக்கள் உண்டு, இதே விசாரணை அங்கேயும் வேண்டும். தேர் வீதிகளில் வீடு கிடைத்தால் கடைகண்ணி எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் தேர் ஓடும் நாளில் வண்டியை வெளியே எடுக்க முடியாது, அவ்வளவுதான். ரயில் பாதைக்குக் கிழக்கே பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகர். படிக்க வருகிற பிள்ளைகளை நம்பி வாடகைக்கு விடும் வீடுகள் அங்கே அதிகம்.

என் முடிவு: சிதம்பரத்தில், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். மனைவிக்குப் பல்கலைக்கழகம் பக்கம், குழந்தைக்கு அம்மா பக்கம். நீங்கள் ரயிலில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினால் உங்கள் ஆபீஸ் இருக்கும் மஞ்சக்குப்பம் பக்கந்தான். தினசரி அலைச்சல் ஒருவருக்கு இருக்கட்டும், மூவருக்கும் வேண்டாம்.

அட்வான்ஸ் விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தை எழுதி, அரசின் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால்தான் அரசின் இலவச யூனிட் உங்களுக்கு வரும். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு என்ன கேட்பார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வெயில் காலத்தில் வீடு பிடித்திருந்தாலும், ஒரு நல்ல மழைக்கு மறுநாள் அந்தத் தெருவை நடந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்