பரணில் கிடப்பதற்கும் கேள்வி உண்டு



ஷஃபான் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ரமலானுக்கான வேலை தொடங்கிவிடும். ஒட்டடை அடிப்பது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தலையணை உறைகளைத் துவைத்துப் போடுவது, பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்ப்பது என்று பெண்கள் இடுப்பொடிய உழைக்கிறார்கள். ஆனால் பரணிலிருந்து இறக்கிய பொருளைத் துடைத்து, அதே பரணில் திரும்ப ஏற்றி வைப்பதோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது. "இது நமக்கு வேண்டுமா? இது யாருக்காவது பயன்படுமா?" என்று கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த மாதப் பாடத்தில் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அறக்கட்டளைக்கு வரும் மனுக்களைப் பார்க்கும்போது ஒரு விஷயம் நம் மனதை உறுத்துகிறது. பக்கவாதத்தில் விழுந்த தாயைத் தரையில் படுக்க வைத்திருக்கிறோம், ஒரு கட்டில் கிடைக்குமா என்று ஒரு குடும்பம் கேட்கிறது. அதே தெருவில் இன்னொரு வீட்டில் இரண்டு கட்டில்கள் மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்கின்றன. கொடுக்க மனமில்லாதவர்கள் அல்ல அவர்கள். அங்கே கட்டில் கிடக்கிறது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது. இன்னொரு பக்கம், பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வரும் சில குடும்பங்களின் மாத வருமானத்தில் பெரும் பகுதி தவணைக்குப் போகிறது. அந்தத் தவணையில் வாங்கிய பொருள்களில் சில உறவினர்களின் கண்ணுக்காக வாங்கியவை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

திருக்குர்ஆன் இந்த நோய்க்கு இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறது. ஒன்று இஸ்ராஃப்; ஆகுமான காரியத்தில் அளவு கடந்து போவது. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளை (7:31) இதைப் பற்றியது. மற்றொன்று தப்தீர், செலவிடக் கூடாத இடத்தில் பொருளைக் கொட்டுவது. இவ்வாறு செய்பவர்களை ஷைத்தான்களின் சகோதரர்கள் என்றே அல்லாஹ் கண்டிக்கிறான் (17:27). அதற்கு முந்தைய வசனத்தில் உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோருக்கு அவரவர் உரிமையைக் கொடுக்கும்படி சொல்லப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நாம் வீணாக்குவது அவர்களுக்குச் சேர வேண்டியதாக இருக்கக்கூடும் என்பது விளங்கும்.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்ச நார் அடைத்த தோல் மெத்தை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு சமயம் நபியவர்கள் பாயில் படுத்திருந்ததன் தழும்பை விலாவில் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் விட்டதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரு வீட்டில் கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, நான்காவதோ ஷைத்தானுக்கு என்ற கருத்துள்ள ஹதீஸை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவர்களுக்கும் படுக்கை வேண்டும்தான். எண்ணிக்கையை அப்படியே பிடித்துக்கொள்ளும்படி இந்த ஹதீஸ் சொல்லவில்லை. தேவைக்கு மேல் சேர்ப்பது பெருமைக்கும் உலக மோகத்துக்கும் இட்டுச் செல்லும் என்பதே கருத்து என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். இதில் விருந்தாளிக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பதையும் கவனியுங்கள். எளிமை என்ற பெயரில் விருந்தோம்பலைக் குறைக்க மார்க்கம் சொல்லவில்லை.

அத்தகாஸுர் அத்தியாயம், அதிகமாகச் சேர்க்கும் போட்டி மண்ணறை வரை மனிதனைப் பராக்காக வைத்திருக்கிறது என்று எச்சரித்துவிட்டு, அருட்கொடைகளைப் பற்றி நிச்சயம் கேட்கப்படுவீர்கள் என்று முடிகிறது. பயன்படுத்தியதற்குக் கணக்கு உண்டு என்றால், பயன்படுத்தாமல் பரணில் போட்டு வைத்ததற்கு என்ன பதில் சொல்வோம்?

எதிர்ப்பக்கத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதும் விரித்துவிடவும் வேண்டாம் என்கிறது 17:29. நல்ல உடை உடுத்துவதோ, வீட்டை அழகாக வைப்பதோ பாவமல்ல. அல்லாஹ் அளித்த அலங்காரத்தைத் தடை செய்தது யார் என்று குர்ஆனே கேட்கிறது (7:32).

தேவை, வசதி, அழகு

எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க நம் அறிஞர்கள் கையாண்ட ஒரு பகுப்பு உதவும். 1388ல் கிரனடாவில் மறைந்த இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள் 'அல்முவாஃபகாத்' என்ற நூலில் மனித நலன்களை மூன்று படிகளாகப் பிரித்து விளக்குகிறார்கள். அது இல்லாவிட்டால் வாழ்வே குலையும் என்பவை ளரூரிய்யாத். இல்லாவிட்டால் சிரமம் ஏற்படும் என்பவை ஹாஜிய்யாத். வாழ்வுக்கு அழகு சேர்ப்பவை தஹ்ஸீனிய்யாத். ஷரீஅத்தின் நோக்கங்களை விளக்க வந்த பகுப்பு இது. வீட்டுப் பொருளுக்கும் இதை அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம்.

அரிசிப் பானை, போர்வை, மருந்து, பிள்ளையின் பாடப் புத்தகம் முதல் படி. மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டாவது. திரைச்சீலை, பூ ஜாடி, விருந்துக்கு எடுக்கும் பீங்கான் தட்டுகள் மூன்றாவது. மூன்றுக்கும் வீட்டில் இடம் உண்டு. இந்த மூன்றிலும் சேராத நான்காவது வகை ஒன்று இருக்கிறது: கெட்டுப்போன பழைய மிக்ஸி, கல்யாணத்துக்கு வந்து உறை பிரிக்காத நான்காவது டின்னர் செட், யாருக்கும் அளவு சேராத சட்டைகள், எதற்கென்றே தெரியாத சாவிக் கொத்துகள். நாம் கைவைக்க வேண்டியது இந்த நான்காவது வகையில்தான்.

மறந்துவிடும் ஒரு கணக்கு

ஹனஃபி மத்ஹபின்படி, ஒருவர் மீது ஸதகத்துல் ஃபித்ரும் குர்பானியும் கடமையாகுமா என்று பார்க்கும்போது பணமும் நகையும் மட்டும் கணக்கில் வருவதில்லை. அடிப்படைத் தேவைக்கு மேல் வீட்டில் உபரியாகக் கிடக்கும் பொருள்களின் மதிப்பும் சேர்க்கப்படும். கடன் போக எல்லாம் சேர்ந்து நிஸாபை, அதாவது 612.36 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டினால், அவர் மீது அவை கடமையாகும். அவர் ஜகாத் வாங்கவும் தகுதியற்றவராகிறார். "எங்களிடம் ரொக்கம் ஏது?" என்று சொல்பவர்களின் பரணும் பீரோவும் வேறு பதில் சொல்லக்கூடும்.

நகை விஷயத்தில் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில், அணியும் நகையாக இருந்தாலும் நிஸாபை எட்டினால் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. அணியாமல் சேமிப்பாகப் பூட்டி வைத்ததற்கு உண்டு. ஆகவே பீரோவை ஒழுங்குபடுத்தும்போது நகையையும் எடை போட்டு, எது யாருடையது என்று எழுதி வைத்து, உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு வாரம், நான்கு இடம்

ஒரே நாளில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினால் அலுப்பும் சண்டையும்தான் மிஞ்சும். ஷஃபானின் நான்கு வாரங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வேலை முழுவதும் வீட்டுப் பெண்களின் தலையில் விழக்கூடாது. நபியவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், தம் துணியைத் தாமே ஒட்டுப் போட்டார்கள், வீட்டு வேலையில் பங்கெடுத்தார்கள். பரணில் ஏறுவது ஆண்களின் வேலையாகவே இருக்கட்டும்.

முதல் வாரம், சமையலறை. காலாவதியான மசாலாப் பாக்கெட்டுகள், கைப்பிடி உடைந்த குக்கர், மூடி இல்லாத டப்பாக்களை அப்புறப்படுத்துங்கள். மருந்துப் பெட்டியையும் இதோடு பாருங்கள். தேதி முடிந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய மாத்திரை மீதமிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும் ஆபத்து.

இரண்டாம் வாரம், பீரோவும் துணிகளும். கடந்த இரண்டு பெருநாளிலும் எடுக்காத உடையை வெளியே எடுத்து வையுங்கள். திருமணப் பட்டு, மறைந்த தாயின் தொழுகைத் துப்பட்டி போன்ற நினைவுப் பொருள்களை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். அவற்றுக்கென்று ஒரு பெட்டி ஒதுக்கினால் போதும்.

மூன்றாம் வாரம், பரணும் மாடியும். தேக்சா, அண்டா, சஹன் தட்டுகள், மடக்குக் கட்டில், தொட்டில், நோயாளி பயன்படுத்திய நடைக்கம்பி, சக்கர நாற்காலி எல்லாம் இங்கேதான் உறங்கும்.

நான்காம் வாரம், காகிதங்களும் கைப்பேசியும். வீட்டுப் பத்திரம், நகைக் கடன் சீட்டு, காப்பீடு, பிள்ளைகளின் சான்றிதழ் அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்பது இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து (புகாரி, முஸ்லிம்). குடும்பத் தலைவர் மவுத்தான பிறகு, பீரோவில் கிடைத்த ஒரு வளையல் பொட்டலம் வீட்டாருடையதா, யாரோ கொடுத்து வைத்த அமானிதமா என்று தெரியாமல் பிள்ளைகள் தவிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அடைசலால் வரும் பெரிய நஷ்டம் இதுதான்.

கைப்பேசியும் ஒரு பரண்தான். தேவையற்ற வாட்ஸ்அப் குழுக்களை விட்டு விலகுங்கள். ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரு அருட்கொடைகளில் மக்களில் அதிகமானோர் ஏமாந்துபோகிறார்கள் என்ற நபிமொழி (புகாரி) நம் மாலை நேரத்துக்கு அப்படியே பொருந்துகிறது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டு வைத்தாலே பிள்ளைகளின் ஓதலுக்கு இடம் கிடைத்துவிடும்.

எப்படிக் கொடுப்பது?

முதலில், நம்முடையது அல்லாததைத் திருப்பிக் கொடுப்போம். இரவல் வாங்கிய புத்தகம், அண்டை வீட்டுப் பாத்திரம், மதரஸாவின் கிதாபு இவையெல்லாம் அமானிதம். உரியவரிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). அதேபோல மனைவியின் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் கணவர் தர்மம் செய்யக் கூடாது. மாமியாரின் பழைய பெட்டியை மருமகள் அவரைக் கேட்காமல் அப்புறப்படுத்தவும் கூடாது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைக்கூட அவர்களையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஈகை அவர்களுக்குப் பழக்கமாகும்.

இரண்டாவது, வாங்குபவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். நமக்கே ஒருவர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற நிலையில் உள்ள மட்டமான பொருளைத் தர்மத்துக்குத் தேடாதீர்கள் என்கிறது 2:267. ரமலானில் நமக்கு வரும் துணி மூட்டைகளைப் பிரிக்கும் சகோதரிகள், கிழிசலையும் கறையையும் தனியே ஒதுக்குவதிலேயே பாதி நாளைச் செலவிடுகிறார்கள். துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கரித்துணியாக்குங்கள்.

மூன்றாவது, உறவினரிலிருந்து தொடங்குவோம். நேசிப்பதிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடைய மாட்டீர்கள் என்ற வசனம் (3:92) இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகப் பிரியமான பைருஹா தோட்டத்தைக் கொடுக்க முன்வந்தார்கள். அதை உறவினர்களுக்குப் பங்கிடும்படி நபியவர்கள் ஆலோசனை சொன்னார்கள் (புகாரி). தேவையுள்ள தங்கை வீட்டைத் தாண்டி மூட்டையை வெளியே அனுப்ப வேண்டாம்.

நான்காவது, பழைய குர்ஆன் பிரதிகளையும் ஓதல் கிதாபுகளையும் காகிதக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பள்ளிவாசலில் ஒப்படைத்தால், கால்படாத சுத்தமான இடத்தில் கண்ணியமாக அடக்கம் செய்ய ஏற்பாடு செய்வார்கள்.

பொதுவில் ஒரு பாத்திர அறை

அல்மாஊன் அத்தியாயத்தின் கடைசி வசனம், அற்பமான புழங்கு பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கிறது. சட்டி, வாளி, கோடரி போன்று மக்கள் தங்களுக்குள் இரவல் கொடுத்து வாங்கும் சாமான்களே இங்கு குறிக்கப்படுகின்றன என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் விளக்கம். இந்த வசனத்தை நம் மஹல்லாவில் அமல்படுத்த ஒரு வழி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் தேக்சாவும் அண்டாவும் வீட்டுக்கு வீடு தேவையில்லை. அவற்றையும் கட்டில், சக்கர நாற்காலி, நடைக்கம்பி போன்றவற்றையும் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒப்படைத்தால், பதிவேட்டில் எழுதி, தேவைப்படுவோருக்கு இரவலாகக் கொடுப்போம். ஒரு நாற்காலி பல நோயாளிகளைச் சுமக்கும். கொடுத்தவருக்கு, இன்ஷா அல்லாஹ், நன்மை தொடர்ந்து கொண்டிருக்கும்.

மீண்டும் நிறையாமலிருக்க

காலியான இடம் தானாக நிறைந்துகொள்ளும். எனவே ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போகட்டும். தவணையில் வாங்கத் தோன்றினால் ஒரு மாதம் பொறுங்கள். அதன் பிறகும் தேவை என்று தோன்றினால் கைக்காசுக்கு வாங்குங்கள். கல்யாண வீட்டுக்கு இன்னொரு டின்னர் செட்டுக்குப் பதிலாக, மணமக்களிடம் கேட்டு அவர்களுக்கு வேண்டியதைக் கொடுங்கள். சீர் என்ற பெயரில் பெண் வீட்டாரைக் கடனாளியாக்கும் பட்டியலைக் கேட்காமலிருப்பது, மாப்பிள்ளை வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய எளிமை.

குடும்பத்தோடு பேச மூன்று கேள்விகள்

1. நம் வீட்டில் ஒரு வருடமாகத் தொடாத பொருள்கள் எவை? அவற்றை இன்று யாருக்குக் கொடுக்கலாம்?

2. பிறருடைய அமானிதம் எதுவும் நம்மிடம் இருக்கிறதா?

3. நாம் கட்டும் தவணைகளில் எது தேவைக்காக, எது பிறர் பார்வைக்காக?

செல்வம் என்பது பொருள்கள் அதிகமாக இருப்பதல்ல, மனம் போதுமென்று நிறைவதே செல்வம் என்ற கருத்தை நபியவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்தப் போதுமென்ற மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் இல்லங்களில் பரக்கத்தை இறக்குவானாக! வரும் ரமலானை இலேசான வீட்டோடும் இலேசான உள்ளத்தோடும் அடையச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்